சாய்ந்து நிற்கும் தடித்த எழுத்து: ஒரு வரலாற்றுப் பார்வை



கேமரன் மலையின் தேயிலைத் தோட்டப்புறத்தில் உள்ள ஒரு தமிழ்ப்பள்ளியில் பணிபுரியும் எனக்கு, ஒரு மழைக்காலக் காலைப்பொழுதில் ஒரு மாணவன் பாடம் புகட்டினான். மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்காக நானே ஒரு பயிற்சித்தாள் தயாரித்திருந்தேன். கணினியில் தட்டச்சு செய்து முடித்ததும், தலைப்பும் முக்கியச் சொற்களும் கண்ணைக் கவர வேண்டுமே என்று அவற்றைத் தடித்த எழுத்தாக்கினேன். அதுவும் போதாதென்று சாய்வாகவும் மாற்றினேன். பள்ளியின் பழைய நகலெடுக்கும் பொறியில் படியெடுத்து வகுப்பில் கொடுத்தேன். ஒரு மாணவன் எழுந்து, "ரிங்லட் எரி" என்று வாசித்தான். "ஏரி" என்று நான் திருத்தினேன். அவன் தாளை என்னிடம் நீட்டி, "இதில் 'எரி' என்றுதானே இருக்கிறது, ஐயா?" என்றான்.

தாளை உற்று நோக்கினேன். ஏகாரத்தின் அடியில் இருக்க வேண்டிய சிறு சாய்கோடு, தடித்த மையில் கரைந்து எகரமாகவே நின்றது. பிழை அவனுடையதன்று, என்னுடையது.

அன்று எழுந்த கேள்வியே இக்கட்டுரைக்கு வித்து. தடித்தும் சாய்ந்தும், முனைக்கோடுகள் இன்றியும் நிற்கும் இவ்வெழுத்து வடிவம் எங்கிருந்து வந்தது? அதன் பயன் என்ன? தமிழுக்கு அது பொருந்துமா? நாள்தோறும் பிள்ளைகளின் கையில் அச்சுத்தாளைக் கொடுக்கும் நாம் இதனை அறிந்திருத்தல் நலம்.

மூன்று பண்புகள், மூன்று பிறப்புகள்

இவ்வடிவத்தில் மூன்று பண்புகள் கலந்துள்ளன: சாய்வு, தடிப்பு, முனைக்கோடு இன்மை. மூன்றும் மூன்று வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு தேவைகளுக்காக உரோம எழுத்தில் பிறந்தவை.

முதலில் பிறந்தது சாய்வு. இத்தாலியின் வெனிஸ் நகரில் அச்சகம் நடத்திய ஆல்டஸ் மனூஷியஸ், 1501-ஆம் ஆண்டில் இலத்தீன் புலவர் வெர்ஜிலின் நூலை முழுவதும் சாய்வெழுத்தில் அச்சிட்டார். அவ்வெழுத்தை வெட்டியவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ என்னும் கைவினைஞர். அக்காலத்து இத்தாலியக் கற்றறிந்தோரின் விரைவான கையெழுத்தே அதற்கு மாதிரி. ஒரு சொல்லை மட்டும் அழுத்திக் காட்ட அன்று சாய்வெழுத்து பயன்படவில்லை. கையடக்க நூல் முழுமைக்கும் அதுவே எழுத்து. நேரெழுத்து நூலின் நடுவே ஒரு சொல்லைத் தனித்துக் காட்டச் சாய்வைப் பயன்படுத்தும் வழக்கம் பின்னரே நிலைபெற்றது.

அடுத்துப் பிறந்தது முனைக்கோடு இல்லாத வடிவம். உரோம எழுத்துகளின் கை, கால் முனைகளில் காணப்படும் சிறு குறுக்குக் கோடுகளை 'செரிஃப்' என்பர். அவை இல்லாத அச்செழுத்தை, 1816-இல் இங்கிலாந்தைச் சேர்ந்த நான்காம் வில்லியம் கேஸ்லான் தம் மாதிரிப் புத்தகத்தில் ஒரே ஒரு வரியில் காட்டினார். 1832-இல் வின்சென்ட் ஃபிகின்ஸ் என்பவர் அதற்குச் 'சான்ஸ்-செரிஃப்' என்ற பெயரை வழங்கினார்.

தடிப்பு 19-ஆம் நூற்றாண்டின் விளம்பரங்களோடு வளர்ந்தது. தொழிற்புரட்சி சந்தையைப் பெருக்கியது. சுவரொட்டிகள் ஒன்றையொன்று முந்திக் கூவின. 1845-இல் இலண்டனில் வெளிவந்த 'கிளாரண்டன்' எழுத்து, சாதாரண எழுத்தின் நடுவே ஒரு சொல்லைத் தடித்துக் காட்டும் பணிக்குப் பெயர் பெற்றது. அகராதியின் தலைச்சொற்கள் தடித்து நிற்கும் வழக்கத்தை நாம் இன்றும் காண்கிறோம்.

இம்மூன்றையும் ஒரே குடும்பமாக ஒழுங்குபடுத்தியவை 20-ஆம் நூற்றாண்டின் எழுத்துருக்கள். 1957-இல் அட்ரியன் ஃப்ரூட்டிகர் உருவாக்கிய 'யூனிவர்ஸ்' அவற்றுள் சிறந்த சான்று. அதன் உறுப்பினர்களுக்கு அவர் பெயர் வைக்கவில்லை, எண் கொடுத்தார். 55 என்றால் இயல்பான எழுத்து, 56 அதன் சாய்வு, 65 தடித்தது, 66 தடித்துச் சாய்ந்தது. பத்தாம் இட எண் தடிப்பையும், ஒன்றாம் இட எண் அகலத்தையும் சாய்வையும் குறித்தன. நம் கணினியில் இரண்டு பொத்தான்களை அழுத்திப் பெறும் வடிவத்தை, அன்று ஒவ்வோர் எழுத்தாக வரைந்து உருவாக்கினார்கள் என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும்.

அதன் தோற்றமும் பயனும்

தடித்த சாய்ந்த சான்ஸ்-செரிஃப் எழுத்தைப் பார்த்த மாத்திரத்தில் இரண்டு உணர்வுகள் எழும். தடிப்பு உரத்த குரலைப் போன்றது. சாய்வு முன்னோக்கி விரையும் உடலைப் போன்றது. ஆகவே விளையாட்டுப் பொருள்கள், பந்தய வாகனங்கள், மலிவு விற்பனை அறிவிப்புகள் ஆகியவற்றில் அது மிகுதியாக இடம்பெறுகிறது.

அமெரிக்கக் கலைஞர் பார்பரா குரூகர் இவ்வடிவத்தின் ஆற்றலை நன்கு உணர்ந்தவர். கறுப்பு வெள்ளைப் படங்களின் மீது சிவப்புப் பட்டையிட்டு, அதில் வெள்ளை நிறத்தில் 'ஃபியூச்சுரா' என்னும் எழுத்துருவின் தடித்த சாய்வு வடிவத்தால் வாசகங்களை அமைத்து, விளம்பர உலகின் குரலைக் கொண்டே விளம்பர உலகைக் கேள்வி கேட்டார். அவர் படைப்புகளில் வாசகம் பெரும்பாலும் சில சொற்களே. இது முக்கியம். இவ்வடிவம் சில சொற்களுக்கு ஏற்றது. ஒரு பத்தி முழுவதும் அதுவாக இருந்தால், வகுப்பில் நாள் முழுவதும் உரக்கக் கத்தும் ஆசிரியரைப் போல் ஆகிவிடும். எந்தச் சொல் முக்கியம் என்று பிள்ளைகளுக்குத் தெரியாது.

சாய்வெழுத்துக்குச் சில அமைதியான கடமைகளும் உண்டு. மலாய் மொழியில் பிறமொழிச் சொற்களையும் நூற்பெயர்களையும் சாய்வெழுத்தில் அமைப்பது மரபு. 'ஹுருப் சொண்டோங்' என்று நம் பிள்ளைகள் மலாய்ப் பாடத்தில் அதனைக் கற்கிறார்கள். உயிரினங்களின் அறிவியல் பெயர்களும் அவ்வாறே. நம்மைச் சுற்றியுள்ள மலைச்சரிவெங்கும் பச்சைக் கம்பளமாய் விரிந்திருக்கும் தேயிலைச் செடிக்குக் 'கெமெலியா சைனென்சிஸ்' என்பது அறிவியல் பெயர். உலகில் எந்த மொழி நூலிலும் உரோம எழுத்தில் அப்பெயர் வந்தால், அது சாய்ந்தே நிற்கும். முதற்சொல்லின் முதலெழுத்து பெரிய எழுத்தாகவும் இருக்கும். தமிழெழுத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடே இல்லை. சாய்வெழுத்தாவது இருந்ததா?

தமிழில் முனைக்கோடு இருந்ததா?

இக்கேள்விக்கு விடை காணப் பழங்காலத்திற்குச் செல்ல வேண்டும். மாங்குளம், புகளூர் முதலிய இடங்களின் குகைகளில் காணப்படும் தமிழ்-பிராமி எழுத்துகள், ஒரே சீரான கோடுகளால் ஆனவை. முனைக்கோடு அங்கே இல்லை. பின்னர் வந்த ஓலைச்சுவடியில் எழுத்தாணி கீறும் கோடும் ஏறத்தாழ ஒரே தடிப்புடையது. நேர்க்கோடுகள் ஓலையின் நரம்போடு கிழித்துவிடும் என்பதால் எழுத்துகள் வளைந்தன என்பது பொதுவாகக் கூறப்படும் விளக்கம். புள்ளியிட்டால் ஓலை துளைபடும் என்பதால் பல சுவடிகளில் மெய்யெழுத்தின் புள்ளியையே விட்டுவிட்டார்கள்.

எனவே, மேலைநாட்டார் 1816-இல் புதுமை என்று கண்ட சீர்க்கோட்டு வடிவம், நம் எழுத்துக்கு ஈராயிரம் ஆண்டுப் பழக்கம். ஆனால் தடிப்பும் சாய்வும் அப்படியல்ல.

அச்சில் தமிழெழுத்து ஏறியது 1578-ஆம் ஆண்டில். போர்த்துக்கீசிய இயேசு சபைத் துறவி அண்ட்ரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் அச்சாகியது. பதினாறே பக்கங்கள் கொண்ட சிறுநூல் அது. அதன் இறுதியில் 1577-இல் கோவாவில் வார்க்கப்பட்ட எழுத்துகளும், 1578-இல் கொல்லத்தில் வார்க்கப்பட்ட எழுத்துகளும் மாதிரியாகக் காட்டப்பட்டுள்ளன. ஓராண்டு இடைவெளியில் இருமுறை எழுத்தை வார்த்துப் பார்த்திருக்கிறார்கள். தமிழெழுத்தை ஈயத்தில் வார்ப்பது எளிய வேலையாக இருந்திருந்தால் அவ்வாறு செய்திருக்க மாட்டார்கள்.

தரங்கம்பாடியிலும் இதே கதைதான். 1706-இல் அங்கு வந்திறங்கிய சீகன்பால்கின் அச்சகத்திற்காக ஜெர்மனியின் ஹாலே நகரில் தமிழ் எழுத்துகள் வார்க்கப்பட்டன. அவை அளவில் பெரியவை. காகிதத்தை அதிகம் தின்றன. ஆகவே சிறிய எழுத்துகளைத் தரங்கம்பாடிப் பகுதியிலேயே வார்த்தார்கள். 1862-இல் சென்னை அமெரிக்க மிஷன் அச்சகத்தில் வெளிவந்த வின்சுலோ அகராதி, பி. ஆர். ஹண்ட் அவர்களின் மேற்பார்வையில் உருவான நேர்த்தியான சிறிய எழுத்துகளுக்குப் பெயர் பெற்றது. முந்நூறு ஆண்டு முயற்சியின் பெரும்பகுதி, எழுத்தைத் தெளிவு குன்றாமல் சிறிதாக்குவதற்கே செலவாயிற்று.

சாய்வெழுத்து ஏன் வேரூன்றவில்லை?

காரணம் எளிது. தமிழில் 247 எழுத்துகள். அச்சுக்கோப்பவரின் பெட்டியில் உகர, ஊகார வரிசைகளுக்கு மட்டுமே 36 தனி வடிவங்கள் வேண்டும். அவற்றோடு உயிர், மெய், கொம்புகள், கால், பழைய வழக்கிலிருந்த சிறப்பு வடிவங்கள் ஆகியவையும் சேரும். இயல்பான எழுத்துக்கு ஒரு பெட்டி, தடித்ததற்கு இன்னொரு பெட்டி, சாய்வுக்கு மூன்றாவது, தடித்த சாய்வுக்கு நான்காவது. ஒவ்வோர் அளவுக்கும் இப்படி நான்கு பெட்டிகள் வைக்கச் சிறிய தமிழ் அச்சகம் எதற்கு இயலும்? மேலும், சாய்ந்த ஈய எழுத்தின் முனை தன் கட்டையை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்; எளிதில் ஒடியும். மேல்விலங்கு நீண்ட தமிழெழுத்தில் அந்த இடர் இன்னும் அதிகம்.

1935 முதல் பெரியார் 'குடி அரசு' இதழில் கையாண்டு, 1978-இல் தமிழ்நாட்டு அரசு ஏற்றுக்கொண்ட எழுத்துச் சீர்திருத்தமும் இந்தச் சுமையைக் குறைக்கும் எண்ணத்தோடு தொடர்புடையதே.

நம் வட்டாரத்தோடு தொடர்புடைய இன்னொரு கருவியையும் மறத்தலாகாது. யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூருக்கு வந்து வாழ்ந்த ஆர். முத்தையா அவர்களே தமிழ்த் தட்டச்சுப் பொறியின் தந்தை எனப் போற்றப்படுபவர். அப்பொறியில் தடிப்புக்கும் சாய்வுக்கும் இடமில்லை. ஒரு சொல்லை அழுத்திக் காட்ட வேண்டுமானால் அடிக்கோடிட வேண்டும்; அல்லது அதே இடத்தில் இரண்டாம் முறை தட்ட வேண்டும். மெழுகுத்தாளில் தட்டி உருளைப் பொறியில் படியெடுத்த பயிற்சித்தாள்களில் படித்து வளர்ந்த என் தலைமுறையினருக்கு, முக்கியமான சொல் என்றால் அடிக்கோடிட்ட சொல்தான்.

அப்படியானால் முன்னோர் ஒன்றை எப்படி அழுத்திக் கூறினர்? மொழியாலேயே கூறினர். ஏகார இடைச்சொல்லுக்குத் தொல்காப்பியம் கூறும் ஐந்து பொருள்களில் தேற்றமும் பிரிநிலையும் உண்டு. "அவனே வந்தான்" என்னும்போது, ஆங்கிலத்தில் சாய்வெழுத்து செய்யும் வேலையை ஓர் ஏகாரம் செய்துவிடுகிறது. பிறமொழிச் சொல் வந்தால், அதன் வேற்று ஒலியை நீக்கித் தமிழ் எழுத்தால் எழுதச் சொன்னார் தொல்காப்பியர். சாய்த்துத் தனியே நிறுத்தவில்லை. செய்யுளும் உரையும் ஒருங்கே வரும் நூல்களில் செய்யுளைப் பெரிய எழுத்திலும் உரையைச் சிறிய எழுத்திலும் அச்சிட்டனர். தேவைக்கு வழியின்றி நம் மொழி தவிக்கவில்லை.

கணினி வந்தபின்

கணினி வந்ததும் பெட்டிகளின் தொல்லை ஒழிந்தது. இத்துறையில் மலேசியாவின் பங்கு பெரிது. கவிஞர் முரசு நெடுமாறனின் மகன் முத்து நெடுமாறன் 1980-களில் தொடங்கிய 'முரசு' மென்பொருள் பின்னர் 'முரசு அஞ்சல்' என வளர்ந்தது. அவர் வடிவமைத்த 'இணைமதி' எழுத்துரு ஆப்பிள் கணினிகளில் இடம்பெற்றது. 2001-இல் தமிழ் இணைய மாநாடும் கோலாலம்பூரில் நடந்தது.

எனினும் ஒரு குறை தொடர்ந்தது. விண்டோஸ் கணினிகளில் நமக்குப் பழக்கமான 'லதா' எழுத்துருவில் இயல்பும் தடிப்பும் மட்டுமே உண்டு, சாய்வு கிடையாது. பின்னர் வந்த 'நிர்மலா'விலும் சாய்வு இல்லை. அப்படியிருந்தும் சாய்வுப் பொத்தானை அழுத்தினால் எழுத்து சாய்கிறதே, எப்படி? கணினி அதனைத் தானாகவே இழுத்துச் சாய்க்கிறது. ஒருவர் வரைந்த வடிவம் அன்று அது. இயந்திரம் தள்ளிய வடிவம்.

அதனால் நேரும் கேடு இரண்டு வகைப்படும்.

முதலாவது, புள்ளி. எழுத்தைச் சாய்க்கும்போது அடிப்பகுதி அப்படியே நிற்க, மேலே உள்ளது வலப்பக்கம் நகரும். எவ்வளவு உயரமோ அவ்வளவு நகர்வு. 12 பாகை சாய்த்தால், உயரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நகரும். தமிழில் மிக உயரத்தில் இருப்பது மெய்யெழுத்தின் புள்ளி. ஆகவே மிக அதிகமாக நகர்வதும் அதுவே. தன் எழுத்தின் தலையை விட்டு, அடுத்த எழுத்தின் பக்கம் சரிகிறது. எழுத்துக்கூட்டி வாசிக்கும் குழந்தைக்கு எந்த எழுத்து மெய் என்ற ஐயம் எழுகிறது.

இரண்டாவது, துளைகள். ணகரத்தின் சுழிகளும், றன்னகரத்தின் சுழியும், ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் உள்ள வேறுபாடும், ரகரத்தையும் காலையும் பிரிக்கும் அடிக்கோடும், எகரத்தை ஏகாரமாக்கும் சாய்கோடும் நுண்ணியவை. சிறிய அளவில் தடிப்பு கூடினால் இத்துளைகள் அடைபடுகின்றன. நகலெடுக்கும் பொறி மிச்சத்தையும் அடைத்துவிடுகிறது. என் மாணவனுக்கு ஏரி, எரியானது இப்படித்தான்.

வாசிப்பில் இடர்ப்படும் குழந்தைகளைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். அவர்களுக்கான தாள்களில் சாய்வெழுத்தையும் அடிக்கோட்டையும் தவிர்த்து, அழுத்தம் தேவைப்படும் இடத்தில் தடித்த எழுத்தைப் பயன்படுத்துமாறு பிரித்தானிய டிஸ்லெக்சியா சங்கம் அறிவுறுத்துகிறது. அது ஆங்கிலத்திற்குச் சொன்னது. நுண்ணிய வேறுபாடுகள் நிறைந்த தமிழுக்கு நாம் இன்னும் ஒருபடி கூடுதல் கவனம் கொள்வதே முறை.

கைவிட வேண்டுமா?

வேண்டியதில்லை. தமிழர் கையெழுத்திலும் சாய்வு உண்டு. நம் தாத்தாக்கள் எழுதிய கடிதங்களை எடுத்துப் பாருங்கள். பலருடைய எழுத்து அழகாக வலப்பக்கம் சாய்ந்திருக்கும். அங்கே புள்ளி சரியான தலையில்தான் நிற்கும். ஏனெனில் அதை வைத்தது மனிதக் கை. இலங்கையைச் சேர்ந்த தாரிக் அசீஸ் வடிவமைத்த 'கவிவனார்' எழுத்துரு, கையெழுத்தின் இயல்பைத் தழுவிச் சாய்வாகவே வரையப்பட்டது. அதனை யாவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். ஆல்டஸ் 1501-இல் கையெழுத்திலிருந்து சாய்வைப் பெற்றது போலவே, தமிழும் தன் கையெழுத்திலிருந்து தனக்குரிய சாய்வைப் பெற முடியும் என்பதற்கு இது சான்று.

நடைமுறையில் நான் இப்போது பின்பற்றும் சில வழக்கங்களை உங்கள் முன் வைக்கிறேன்:

1. பயிற்சித்தாளில் ஒரு சொல்லை அழுத்திக் காட்டத் தடிப்பு மட்டும் போதும். தடிப்பையும் சாய்வையும் ஒன்றாகச் சேர்ப்பதில்லை.

2. தடித்த எழுத்தைப் பாட எழுத்தை விடச் சற்றுப் பெரியதாக வைக்கிறேன். துளைகள் அடைபடாமல் இருக்க அது உதவுகிறது.

3. நூற்பெயர்களையும் பிறமொழிச் சொற்களையும் ஒற்றை மேற்கோள் குறிக்குள் எழுதுகிறேன்.

4. தடித்த சாய்வு வேண்டுமென்றால், விளையாட்டுப் போட்டி, பொங்கல் விழா போன்றவற்றின் பதாகைகளில், பெரிய அளவில், இரண்டு மூன்று சொற்களுக்கு மட்டும்.

5. அச்சிட்ட முதல் படியை ஒரு மாணவனிடம் கொடுத்து வாசிக்கச் சொல்கிறேன். எந்தக் கணினியும் காட்டாத பிழையை அவன் காட்டிவிடுவான்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை ஒரு சொல்லைத் தவறாக வாசித்தால், உடனே கடிந்துகொள்ளாதீர்கள். தாளை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். தவறு பிள்ளையிடம் இருக்கலாம், அச்சிலும் இருக்கலாம். என் மாணவன் தன் கண் கண்டதைத்தான் வாசித்தான். அவன் தாளை என்னிடம் நீட்டத் துணியாமல் இருந்திருந்தால், ஏகாரம் தெரியாதவன் என்றே நான் அவனைக் குறித்து வைத்திருப்பேன்.

1929-இல் ஜே. ஏ. ரசல் 'போ' தோட்டத்தைத் தொடங்கிய நாள்முதல் இம்மலைச்சரிவுகளில் நம்மவர் தேயிலை நட்டு, கொழுந்து பறித்து வந்திருக்கிறார்கள். சரிவு எவ்வளவு செங்குத்தாக இருந்தாலும், செடி நேராகத்தான் வளரும். அதைச் சரிவுக்கு ஏற்பச் சாய்த்து நட வேண்டும் என்று எந்தத் தோட்டக்காரரும் நினைத்ததில்லை. எழுத்தும் அப்படித்தான் என்று இப்போது எண்ணுகிறேன். அதன் இயல்பை அறிந்து நட்டால், பிள்ளைகள் எளிதாகப் பறித்துக்கொள்வார்கள்.

அந்த மாணவனுக்குப் புதிய தாள் அச்சிட்டுக் கொடுத்தேன். "ரிங்லட் ஏரி" என்று தடையின்றி வாசித்தான்.

சிந்திப்போம், செயல்படுவோம்.